வெட்டியதும் ஒட்டியதும்

'டைரக்டர்ஸ் கட்' என்ற வார்த்தை இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் வாயில் சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது. தியேட்டருக்கு வந்த படம் ஒன்று, இயக்குநர் தன் மனதுக்குப் பிடித்தபடி தொகுத்து வைத்திருந்த படம் வேறொன்று என்றால், பின்னாளில் அந்த இரண்டாவதை வெளியே விடுவதற்கு இந்தப் பெயர். விட்டுப்போன காட்சிகளைச் சேர்த்து நீளத்தைக் கூட்டி விடுவதும் உண்டு. அதற்கு 'எக்ஸ்டெண்டட் வெர்ஷன்' என்று பெயர். 'புஷ்பா 2' ஏற்கெனவே 3 மணி 20 நிமிடம் ஓடுகிற படம். அது போதாதென்று 2025 ஜனவரி 17 அன்று இன்னும் 20 நிமிடத்தைச் சேர்த்து மறுபடி விட்டார்கள். பொங்கலுக்கு வந்திருந்த என் தங்கை பேரன் அதற்காகவே தேனிக்குப் போய் இரண்டாம் தரம் பார்த்துவிட்டு வந்தான். "தாத்தா, இப்பத்தான் படம் முழுசா இருக்கு" என்றான்.

முழுசு என்றால் எது முழுசு? இதைப் பற்றி ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பென்ஷன்காரனுக்கு வேறு என்ன வேலை என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயக்குநர் எடுத்த படம் உண்மையில் எப்படி இருந்தது என்று பார்க்கிற வாய்ப்பு நமக்கு வேண்டும். அதற்காகச் செலவு செய்வது வீண் செலவு அல்ல. ஆனால் அதைச் சாக்காக வைத்து, நாம் ஐம்பது வருஷமாகப் பார்த்துப் பழகிய படத்தை எடுத்துப் பரணில் போட்டுவிடக் கூடாது. இரண்டும் இருக்க வேண்டும். எது எது என்று போஸ்டரில் எழுதவும் வேண்டும்.

நம் கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு பக்கத்து ஆட்களுக்கு இந்த 'கட்' ஒன்றும் புதிதல்ல. நாம் பார்த்த படங்களில் பாதிக்கு மேல் 'ஆபரேட்டர்ஸ் கட்' தான். என் சித்தப்பா ஒருவர் இந்தப் பக்கத்து டூரிங் டாக்கீஸ் ஒன்றில் ஆபரேட்டராக இருந்தார். அதனால் எனக்குத் தரை டிக்கெட் கூடக் கிடையாது, நேரே மெஷின் ரூம்தான். கார்பன் குச்சி எரிகிற வாசமும், சூட்டில் வியர்வை வழிய அவர் கண்ணாடி ஓட்டை வழியாகத் திரையைப் பார்க்கிற பார்வையும் இன்னும் நினைவிருக்கிறது.

அப்போதெல்லாம் படத்தை நிமிடக் கணக்கில் யாரும் சொல்ல மாட்டார்கள். அடிக் கணக்குதான். 35 எம்.எம். பிலிம் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 1000 அடி ரீல் ஒன்று 11 நிமிடம் வரும். 'நாடோடி மன்னன்' 1958-ல் எம்.ஜி.ஆர். தானே இயக்கித் தயாரித்த படம். ஏறக்குறைய 20,000 அடி. அதாவது 3 மணி 40 நிமிடம். டூரிங் கொட்டகையில் ஒரே மெஷின். ரீல் மாற்ற மாற்ற இடைவேளை. படத்துக்கு மூன்று, நான்கு இடைவேளை வரும். நமக்குச் சந்தோஷம், அவித்த மொச்சையும் முறுக்கும் கலரும் அப்போதுதான் கிடைக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ஆட்டம் பொழுது சாய்ந்து ஏழு மணிக்குத் தொடங்கினால் பதினொன்றரைக்குத்தான் முடியும். இரண்டாவது ஆட்டம் முடிவதற்குள் சேவல் கூவிவிடும். இரண்டாவது ஆட்டத்துக்கு வருகிறவர்களோ, தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, மாட்டைக் கட்டிவிட்டு வருகிறவர்கள். விடிந்தால் அவர்களுக்கு வேலை இருக்கிறது.

அதனால் சித்தப்பா வெட்டுவார். பாட்டைத்தான் முதலில் எடுப்பார், அதிலும் சோகப் பாட்டை. ரீலையே தாண்டிவிடுவதும் உண்டு. சில சமயம் பிரதி நைந்து, பல் ஓட்டைகள் கிழிந்து வரும். அந்த இடத்தைக் கத்தரித்துப் பிலிம் சிமெண்ட் வைத்து ஒட்டுவார். ஒவ்வொரு ஒட்டுக்கும் திரையில் ஒரு துள்ளல் விழும், கதாநாயகன் ஒரு எட்டு வைப்பதற்குள் மூன்று எட்டு தாண்டியிருப்பான். எம்.ஜி.ஆர். கத்திச் சண்டையில் மட்டும் அவர் கை வைத்ததே இல்லை. "டேய், அதுல கை வச்சா நாளைக்குக் கூடாரமே இருக்காதுடா" என்பார். சென்னையில் ஒன்று வெட்டி, விநியோகஸ்தர் ஒன்று வெட்டி, ஊர் ஊராக ஓடித் தேய்ந்து, கடைசியில் நம் மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது எத்தனை அடி மிச்சம் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? நாம் அதைத்தான் 'நாடோடி மன்னன்' என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பின்னாளில் முழுப் படத்தை டி.வி.யில் பார்த்தபோது, கதையில் எனக்கு இருந்த இரண்டு மூன்று சந்தேகம் தீர்ந்தது!

வெட்டிய துண்டுகள் எங்களுக்கு. பியூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி, முகம் பார்க்கும் கண்ணாடியில் வெயிலைப் பிடித்து, வேட்டியைத் திரையாகக் கட்டி நாங்கள் 'படம் ஓட்டிய' கதை உங்களில் பலருக்கும் உண்டு. அந்த வகையில் நாங்களும் எக்ஸ்டெண்டட் வெர்ஷன் பார்த்தவர்கள்தான், என்ன, படம் அசையாது.

நீளம் என்பது எப்போதும் கலையை மட்டும் வைத்து முடிவானதில்லை. இதை இளைஞர்கள் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது கச்சா பிலிம் தட்டுப்பாடு வந்து, படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' (1944) இரண்டு மணி நேரத்துக்குள் முடிவது அந்தக் காலத்துக் கட்டுப்பாட்டால்தான். அதுவே மூன்று தீபாவளி கண்டது. போர் முடிந்து, கட்டு அவிழ்ந்து, 1948-ல் எஸ்.எஸ்.வாசன் 'சந்திரலேகா'வை மூன்றரை மணி நேரத்துக்கு எடுத்தார். பிறகு வெளிநாட்டுக்காரர்களுக்கென்று அதையே சுருக்கி 'சந்திரா' என்று ஆங்கிலத்தில் ஒரு பதிப்பும் போட்டார். ஆக, ஒரே படத்துக்கு இரண்டு மூன்று உருவம் இருப்பது நேற்று வந்த வழக்கம் அல்ல.

வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டவர்களுக்கும் இது தெரியும். மூன்று மணி நேரப் படத்தை ஒரு மணி நேரத்துக்கு வெட்டி, குரலை மட்டும் போடுவார்கள். படமே பார்க்காமல் ஒலிச்சித்திரம் கேட்டே அழுதவர்கள் நம் வீட்டுப் பெண்கள். கோயில் கொடையில் நடக்கும் வள்ளி திருமணம் நாடகம் இதற்கு நேர் எதிர். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்தது ஒரு அளவுதான். ஆனால் வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் இறங்கிவிட்டால், கூட்டத்தின் உற்சாகத்தைப் பார்த்து இருவரும் நீட்டுவார்கள். நல்ல ஜோடி அமைந்தால் முருகன் மேடைக்கு வரும்போது கிழக்கு வெளுத்திருக்கும். அந்த நீளத்தை யாரும் குறை சொன்னதில்லை. நீட்டியவருக்குச் சரக்கு இருந்தது, கேட்டவருக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

சினிமாவுக்கு வருவோம். வெட்டப்பட்டதைத் திருப்பி ஒட்டியதால் உண்மையான லாபம் கிடைத்த கேஸ் என்று எனக்குத் தோன்றுவது 'ஷோலே'. 1975 ஆகஸ்ட் 15 அன்று வந்த படம். நெருக்கடி நிலை அறிவித்து இரண்டு மாதம் கூட ஆகவில்லை. ரமேஷ் சிப்பி முதலில் எடுத்த முடிவில், கை இழந்த தாக்கூர், ஆணி பதித்த செருப்புக் காலால் மிதித்தே கப்பர் சிங்கைக் கொன்றுவிடுவார். சென்சார் ஒப்புக்கொள்ளவில்லை. ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி சட்டத்தைக் கையில் எடுக்கலாமா என்று கேட்டார்கள். அதனால் கடைசி நிமிடத்தில் போலீஸ் வந்து தடுப்பது போலப் புதிதாக எடுத்துச் சேர்த்தார்கள். ஐம்பது வருஷம் நாடே பார்த்தது அந்தச் சமாதான முடிவைத்தான். ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற மும்பை அமைப்பு, மும்பையிலும் இங்கிலாந்திலும் கிடங்குகளில் கிடந்த பிரதிகளைத் தேடி எடுத்து, துப்புரவு செய்து, பழைய முடிவோடு 2025 ஜூன் மாதம் இத்தாலியில் போலோன்யா நகர விழாவில் திரையிட்டது.

யோசித்துப் பாருங்கள். அந்தத் தாக்கூர் பாத்திரம் படம் முழுக்கச் சால்வையைப் போர்த்திக்கொண்டு எதற்காகக் காத்திருக்கிறார்? கடைசியில் போலீஸில் ஒப்படைக்கவா? அதற்கு ஜெய், வீரு என்று இரண்டு பேரைச் சிறையிலிருந்து தேடிப் பிடித்துக் கூட்டி வருவானேன்? கதை எங்கே போய் நிற்க வேண்டுமோ அங்கே போகவிடாமல் ஓர் அரசாங்கம் தடுத்தது என்பது அந்தக் காட்சியைப் பார்த்தால்தான் உறைக்கும். இது வெறும் கூடுதல் நிமிடம் அல்ல, சரித்திரச் சாட்சி. இப்படிப்பட்ட டைரக்டர்ஸ் கட்டுக்கு நான் கை தூக்கி ஓட்டுப் போடுவேன்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். செர்ஜியோ லியோனின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் அமெரிக்கா' 1984-ல் ஐரோப்பாவில் 229 நிமிடம் ஓடியது. அமெரிக்காவில் அதை 139 நிமிடமாக வெட்டி, முன்னும் பின்னுமாகப் போகிற கதையை வரிசையாக அடுக்கி வேறு வெளியிட்டார்கள். என் சித்தப்பா கூட அந்த அளவுக்குப் போனதில்லை. ரிட்லி ஸ்காட்டின் 'பிளேடு ரன்னர்' (1982) படத்தில் கம்பெனிக்காரர்கள் கதாநாயகன் குரலில் விளக்கம் சொல்லவைத்து, மங்களமாக ஒரு முடிவும் ஒட்டினார்கள். 1992-ல் டைரக்டர்ஸ் கட் வந்தபோது அந்த இரண்டும் போய்விட்டன. அது நீளம் கூடிய படம் அல்ல என்பதைக் கவனியுங்கள். இயக்குநர் பதிப்பு என்றாலே நீளமான பதிப்பு என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழில் நிலைமை தலைகீழ். இங்கே மறுவெளியீடு என்றால் பெரும்பாலும் சுருக்குவதுதான். ரஜினியின் 'பாபா' (2002), 2022 டிசம்பரில் அவர் பிறந்தநாளையொட்டிச் சுருக்கப்பட்டு, முடிவும் மாற்றப்பட்டு மறுபடி வந்தது. கமலின் 'ஆளவந்தான்' (2001) ஏறக்குறைய மூன்று மணி நேரப் படம். 2023 டிசம்பர் 8 அன்று இரண்டு மணி நேரப் படமாக மீண்டும் வந்தது. அதை வெளியிட்டவர் தயாரிப்பாளர் தாணு. ஆக அது தயாரிப்பாளர் பதிப்பு என்று சொல்லலாமே தவிர, இயக்குநர் பதிப்பு அல்ல. இன்னும் வேடிக்கை, 'இந்தியன் 2' 2024 ஜூலை 12 அன்று வெளியாகி, நீளம் என்று ஜனங்கள் புலம்பியதும், ஒரு வாரத்துக்குள் 12 நிமிடம் குறைக்கப்பட்டது. முதல் நாள் முதல் காட்சிக்கு அதிகப் பணம் கொடுத்துப் போனவன் ஒரு படம் பார்த்தான். அடுத்த வாரம் போனவன் வேறு படம் பார்த்தான். இதில் எது இயக்குநரின் படம்?

சுருக்கியதெல்லாம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. 'படையப்பா' முதலில் மிக நீளமாக வந்ததாகவும், இரண்டு இடைவேளை விட்டு அப்படியே வெளியிடலாமா என்று ரஜினி யோசித்ததாகவும், கமலிடம் கேட்டபோது அவர் வேண்டாம் என்றதாகவும் கே.எஸ்.ரவிக்குமார் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வெட்டினார்கள். ஓடிய ஓட்டம் நமக்குத் தெரியும். ராஜ்கபூர் 1970-ல் 'மேரா நாம் ஜோக்கர்' படத்தை நாலு மணி நேரத்துக்கு மேல் எடுத்து, இரண்டு இடைவேளையோடு வெளியிட்டுப் படாத பாடு பட்டார். எடுத்தவனுக்குத் தன் படத்தில் எல்லாமே தங்கம்தான். பக்கத்தில் இருந்து 'இது வேண்டாம்' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். நல்ல எடிட்டர் நல்ல சம்பந்தி மாதிரி, இரண்டு பக்கத்துக்கும் கெட்ட பெயர் வராமல் கழித்துக்கட்டுவார்.

வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகம் 2023 ஏப்ரல் கடைசியில் ஜீ5-ல் வந்தபோது, தியேட்டரில் இல்லாத காட்சிகளைச் சேர்த்து, டைரக்டர்ஸ் கட் என்று சொல்லியே விட்டார்கள். நமக்குப் பழக்கமான வழியாகப் பார்த்தால் இதுதான் யோக்கியமான முறை. தியேட்டர் படமும் ஜனங்கள் பார்த்தாயிற்று, இதுவும் இருக்கிறது, இது வேறு என்று பெயரும் போட்டாயிற்று. ஜெயமோகனின் 'துணைவன்' என்ற சிறுகதையிலிருந்து எழும்பி, இரண்டு பாகமாக வளர்ந்த படம் அது. மலை கிராமமும் போலீஸ் முகாமும் பற்றிய கதையை, மலையடிவாரத்தில் இருக்கிற நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பதில் தவறில்லை. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதால் இன்னொரு வசதி, முழங்கால் வலித்தால் நிறுத்திவிட்டு எழுந்து நடக்கலாம். மூன்றே முக்கால் மணி நேரம் தியேட்டர் நாற்காலியில் உட்கார நம் வயதுக்காரர்களால் ஆகுமா? 'பாகுபலி' இரண்டு பாகத்தையும் ஒன்றாக்கி 2025 அக்டோபர் 31 அன்று விட்ட படம் அந்த நீளம்தான். இரண்டு படத்தை ஒன்றாகச் சேர்ப்பதில் எக்கச்சக்கமாக வெட்டவும் செய்தார்கள். நீட்டியதா குறைத்ததா என்று பெயர் வைக்கவே முடியவில்லை.

எனக்குப் பயம் வேறு இடத்தில். ஜார்ஜ் லூகாஸ் 1977-ல் எடுத்த தன் 'ஸ்டார் வார்ஸ்' படத்தை 1997-ல் கம்ப்யூட்டர் வித்தையெல்லாம் சேர்த்து மாற்றி விட்டார். அவர் படம், அவர் உரிமை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பழைய படத்தைத் தேடி ரசிகர்கள் அலைய வேண்டியதாயிற்று. கோடிக் கணக்கானவர்களின் பால்ய காலத்தில் ஒட்டிக்கொண்ட ஒன்றை, எடுத்தவர் என்பதற்காக ஒருவர் அழித்து எழுதலாமா? நம் ஊரில் இது இன்னும் ஆபத்து. அங்கே பழையதை ஒளித்து வைக்கிறார்கள் என்றால், இங்கே பழையது இருக்கிறதா என்பதே சந்தேகம். தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931. அதன் ஒரு அடி பிலிம் கூட இன்று கிடையாது. சாமிக்கண்ணு வின்சென்ட் தொடங்கி டூரிங் சினிமா வரை பெருமை பேசுகிற நாம், காட்ட வேண்டியதைக் காப்பாற்றவில்லை. 1964-ல் வந்த 'கர்ணன்', 2012 மார்ச் 16 அன்று டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு வந்து, புதுப் படங்களுக்குப் போட்டியாக நூறு நாள் தாண்டி ஓடியது. நெகடிவ் என்று ஒன்று மிச்சம் இருந்ததால்தானே? அது இல்லையென்றால் எந்த இயக்குநர் வந்து எதை நீட்டுவது?

வெட்டியதைப் பற்றிப் பேசும்போது நம் தொகுதிக்கே உரிய ஒரு படம் ஞாபகம் வருகிறது. 1984 தேர்தலில் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே நம் ஆண்டிபட்டியில் நின்றார். அவர் சாப்பிடுவது, சிரிப்பது என்று அங்கே எடுத்த காட்சிகளை வீடியோ கேசட்டாக்கி ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். ஜனங்கள் திரையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். வெட்டி ஒட்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் நம் பக்கத்து ஜனம் அதற்கு முன்னும் பின்னும் அந்த அளவு ஆவலோடு ஒரு படத்தைப் பார்த்ததில்லை. எதை வெட்டினார்கள் என்று யாரும் கேட்கவும் இல்லை. தலைவர் உயிரோடு இருக்கிறார் என்பது தெரிந்தால் போதும் என்றிருந்தார்கள்.

எல்லாப் படத்துக்கும் நீளப் பதிப்பு வேண்டியதும் இல்லை. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) நம் மாவட்டத்து மலைப்பாதையிலேயே எடுத்தது. ஏலக்காய் மூட்டை சுமக்கிறவன் கதை. இரண்டு மணி நேரம். அந்த ஆள் கடைசியில் எங்கே வந்து உட்காருகிறான் என்பதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, இன்னும் ஒரு நிமிடம் சேர்த்திருந்தாலும் கெட்டுப்போயிருக்கும் என்றுதான் தோன்றியது. வெட்டிப்போட்ட காட்சிகள் எங்காவது இருந்தால் இருக்கட்டும், பத்திரமாக இருக்கட்டும். படத்தில் சேர்க்க வேண்டாம்.

சித்தப்பாவிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. இருபது வருஷமாக வெட்டிய துண்டுகளில் நல்லதாகப் பார்த்துச் சேர்த்து வைத்திருந்தார். எங்களுக்குக் கொடுத்தது போக மிச்சம். எந்தத் துண்டு எந்தப் படம் என்று சிகரெட் அட்டையில் எழுதிச் சொருகியிருப்பார். அவர் காலமானபோது நான் வேலை நிமித்தம் பரமக்குடியில் இருந்தேன். வீட்டை இடித்துக் கட்டியபோது பெட்டி பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டதாகப் பின்னால் சொன்னார்கள். கறுப்பு வெள்ளை பிலிமில் வெள்ளிச் சத்து உண்டு, அதை எரித்து எடுப்பதற்கென்றே வாங்குகிற ஆட்கள் அப்போது இருந்தார்கள். அதில் என்ன இருந்தது என்று இனி சொல்ல முடியாது. பாட்டுகள் இருந்திருக்கும், அவருக்குப் பிடிக்காத சோகப் பாட்டுகள்.

நம் பக்கத்தில் டூரிங் டாக்கீஸ் நடத்தியவர்கள், ஆபரேட்டராக இருந்தவர்கள் வீட்டுப் பரணில் இன்னும் ரீல் டப்பா ஏதாவது இருக்கக்கூடும். திறந்தால் காடி போலப் புளித்த வாசம் அடிக்கும். பிலிம் கெடத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளம், ஆனால் அதனாலேயே முழுதும் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. வெயிலில் காய வைக்காதீர்கள், இழுத்துப் பார்க்காதீர்கள், எடைக்கும் போடாதீர்கள். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-லிருந்து இருக்கிறது. 'ஷோலே'யை மீட்ட மும்பை அமைப்பும் இருக்கிறது. எழுதிக் கேட்க வேண்டுமென்றால் கடிதம் நான் எழுதித் தருகிறேன், நாற்பது வருஷம் ஆபீஸில் அதைத்தானே செய்தேன். மயிலாடும்பாறையில் காலை டீக்கடையில் என்னைப் பார்க்கலாம், எட்டு மணிக்கு முன்னால் வாருங்கள்.